பாவத்தின் சம்பளமா, ஊசியின் சம்பளமா?

சென்ற மாதம் ஒரு கிராமத்துக் கூட்டத்தில் நாம் பேசி முடித்து உட்கார்ந்ததும், நடுக்கூட்டத்திலிருந்து ஒரு பெரியவர் எழுந்து, “எச்.ஐ.வி. கண்ட பெண்பிள்ளைகளுக்காக இவ்வளவு பரிந்து பேசுகிறீரே, அவரவர் செய்த பாவத்துக்கு அவரவர் சம்பளம் வாங்குகிறார்கள். இதில் உமக்கு என்ன வந்தது?” என்று கேட்டார். கேட்டவர் கெட்டவரல்ல. காதில் விழுந்ததைத் திருப்பிச் சொன்னார். இரவு மணி பத்தாகிவிட்டபடியால் அன்று இரண்டு வார்த்தையில் பதில் சொல்லி நிறுத்திக்கொண்டோம். பாக்கியை இங்கே எழுதுகிறோம்.

பாவம் என்றால் யார் செய்த பாவம் என்று முதலில் கேட்க வேண்டாமா? நம் நாட்டில் இந்நோய் கண்ட கல்யாணமான பெண்களில் மிகப் பெரும்பாலோருக்கு அது புருஷனிடமிருந்துதான் வந்தது. புருஷன் எங்கே போய் வந்தான் என்று கேட்கக்கூடாது, வந்தவனை மறுக்கக்கூடாது, அவனே தெய்வம் என்று சொல்லிக் கொடுத்தவர்கள் யார்? அந்தப் பதிவிரதா தர்மத்தை ஒரு எழுத்துக்கூடத் தவறாமல் அனுசரித்தவளுக்குத்தான் நோய் வந்தது. அவன் செத்த பிறகு “புருஷனைத் தின்றவள்” என்ற பட்டம் வந்தது. பிறகு மாமியார் வீட்டுக் கதவு சாத்தப்பட்டது. அவள் வயிற்றில் பிறந்து நோயோடு வந்த குழந்தை எந்தப் பாவத்தைச் செய்தது? முன்ஜென்மத்துப் பாவம் என்பார்கள். இந்த ஜென்மத்தில் கணக்குக் காட்ட முடியாதவர்களுக்கெல்லாம் முன்ஜென்மம் என்கிற பொய்க் கணக்குப் புத்தகம் ஒன்று தயாராக இருக்கிறதல்லவா!

இப்படிக் கதவு சாத்தப்பட்ட பெண்கள் என்ன செய்து பிழைத்தார்கள் என்பதற்கு ஒரு தூரதேசத்துச் சங்கதியைச் சொல்லுகிறோம். தென்னாப்பிரிக்காவில் கிழக்குக் கேப் என்னும் மாகாணத்தில், கீஸ்காமா ஆறு கடலில் விழும் இடத்தில் ஹாம்பர்க் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. ஜெர்மனியிலுள்ள பட்டணத்தின் பெயர்தான். ஆனால் இருப்பவர்கள் கோசா இனத்து ஏழைகள். ஆண்கள் பிழைப்பைத் தேடித் தூரத்துக்குப் போனார்கள். பலர் நோயோடு திரும்பினார்கள். 2000-ல் கேரல் ஹாஃப்மெயர் என்ற ஒரு அம்மையார், டாக்டர் படிப்பும் சித்திரப் படிப்பும் உடையவர், அங்கே குடிவந்து பெண்களுக்கு ஊசிவேலை பழக்கும் காரியத்தில் இறங்கினார். அதில் சேர்ந்தவர்களில் நோய் கண்டவர்கள் உண்டு, நோயில் புருஷனைக் கொடுத்தவர்கள் உண்டு, மகனையும் மகளையும் புதைத்துவிட்டுப் பேரக்குழந்தைகளை வைத்துக்கொண்டு நின்ற கிழவிகள் உண்டு. ஊசிவேலை ஏன் என்றால், உடம்பு முடிந்த நாளில் செய்யலாம், முடியாத நாளில் சுருட்டி வைக்கலாம். அடுப்புப் பக்கத்தில் குழந்தையைப் பார்த்துக்கொண்டே தைக்கலாம். மில் முதலாளி இந்தச் சலுகையைக் கொடுப்பானா?

2005-ல் இவர்கள் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் கூடி ஒரு பெரிய பீடத்திரையைத் தைத்து முடித்தார்கள். அதற்கு மாதிரியாக எடுத்துக்கொண்டது ஐஸன்ஹைம் பீடம் என்கிற பழைய கிறிஸ்தவ ஓவியம். கிட்டத்தட்ட 1512-க்கும் 1516-க்கும் நடுவில் குரூனவால்ட் என்பவர் ஒரு மடத்து ஆஸ்பத்திரிக்காக வரைந்தது. அந்த ஆஸ்பத்திரியில் கிடந்தவர்களுக்கு வந்திருந்த வியாதியின் பெயர் “அந்தோணியார் நெருப்பு”. கை கால் எரிந்து, கறுத்து, அழுகி விழும். தெய்வக் குற்றம் என்று அக்கால ஐரோப்பாவிலும் சொன்னார்கள். பின்னாளில் வைத்தியர்கள் ஆராய்ந்து பார்த்ததில், ரை என்னும் தானியத்தில் பிடிக்கும் ஒரு பூஞ்சைக்காளான்தான் காரணம் என்று தெரிந்தது. ரொட்டியில் இருந்த விஷத்துக்கு அந்தோணியார் பேரில் பழி! நம்மூர் மாரியாத்தாளுக்கும் அம்மை நோய்க்கும் இருந்த சம்பந்தம் எவ்வளவோ அவ்வளவுதான் இதுவும்.

கோயிற்காரியத்தைப்பற்றி நாம் ஏன் இவ்வளவு எழுதுகிறோம் என்று வாசகர்கள் ஆச்சரியப்படலாம். அந்தப் பெண்கள் செய்த மாறுதலைக் கேளுங்கள். பழைய ஓவியத்தில் சிலுவையில் ஏசு தொங்கிய இடத்தில், இவர்கள் ஒரு கோசா விதவையைத் துக்க உடையோடு நிறுத்தினார்கள். இரு பக்கமும் அர்ச்சிஷ்டர்கள் நின்ற இடத்தில் தங்கள் ஊர்க் கிழவிகளை நிறுத்தினார்கள். கதவுகளையெல்லாம் திறந்தால் உள்ளே மரச்சிலைச் சாமியார்கள் உட்கார்ந்திருந்த இடத்தில், மூன்று பாட்டிமார்கள் பேரக்குழந்தைகளோடு நிற்கும் நிழற்படங்கள். அவர்கள் ஏசுவை நம்புகிறவர்களாகவே இருக்கலாம். அது நமக்குச் சம்மதமில்லாத விஷயம். ஆனால் மகா பரிசுத்தமான இடம் என்று தாங்கள் எண்ணிய இடத்தில் ஒரு விதவையைக் கொண்டுபோய் நிறுத்தத் துணிந்தார்கள். நம் நாட்டில் கல்யாணப் பந்தலில் ஒரு விதவை முன்வரிசையில் நின்றால் மூன்று தலைமுறைக்குச் சபித்துவிடுவார்கள்.

மூடத்தனம் சாமி வேஷத்தில்தான் வரும் என்றும் நினைத்துவிடக்கூடாது. அதே தென்னாப்பிரிக்காவில் ஜனாதிபதியாயிருந்த தாபோ எம்பெக்கி, எச்.ஐ.வி. கிருமிதான் எய்ட்ஸுக்குக் காரணமா என்று சந்தேகம் கிளப்பினார். அவருடைய சுகாதார மந்திரி வெள்ளைப்பூண்டும் பீட்ரூட்டும் எலுமிச்சையும் சாப்பிடச் சொன்னார். மருந்து வருவது தாமதமாயிற்று. பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு மருந்து கொடு என்று 2002-ல் அந்நாட்டு அரசியல் சட்ட நீதிமன்றம் உத்தரவு போட வேண்டியிருந்தது. 2000 முதல் 2005 வரை இந்தத் தாமதத்தால் 3,30,000-க்கு மேற்பட்ட உயிர்கள் போயின என்று ஹார்வர்ட் ஆராய்ச்சியாளர்கள் 2008-ல் கணக்கிட்டார்கள். பூண்டும் படித்தவன் கையில் திருநீறாகிவிடும் போலிருக்கிறது.

நம் நாட்டுக்கு வருவோம். இந்தியாவில் இக்கிருமி முதன்முதல் 1986-ல் கண்டுபிடிக்கப்பட்டது சென்னையில்தான். கண்டுபிடித்தவர்களும் சுனிதி சாலமன், செல்லப்பன் நிர்மலா என்ற இரு பெண்களே. 2004-ல் சர்க்கார் இனாமாக மருந்து கொடுக்கத் தொடங்கியபோது முதலில் ஆரம்பித்த ஆஸ்பத்திரிகளில் தாம்பரமும் ஒன்று. மருந்தை விடாமல் சாப்பிட்டு, இரத்தப் பரிசோதனையில் கிருமி தென்படாத நிலைக்கு வந்து அந்நிலையிலேயே இருப்பவரிடமிருந்து உடலுறவினாலுங்கூட மற்றவருக்கு நோய் பரவுவதில்லை என்பது இன்று உறுதிப்பட்ட உண்மை. மருந்து சாப்பிடாதவர்களிடமிருந்துங்கூட, தொடுவதாலும், சேர்ந்து உண்பதாலும், அவர்கள் தைத்த துணியைக் கட்டிக்கொள்வதாலும், முடைந்த கூடையில் காய்கறி வாங்குவதாலும் அது வராது. வெளியில் காய்ந்துபோகும் கிருமி அது. “அவள் கைபட்ட சாமானா?” என்று முகஞ்சுளிக்கிற கடைக்காரருக்கு நாம் சொல்லுவது: உமது கல்லாவில் கிடக்கும் நோட்டுகள் எந்தெந்தக் கை பட்டு வந்தவை என்று எப்போதாவது விசாரித்ததுண்டா? பணத்துக்குத் தீட்டில்லை, பெண் கைக்கு மட்டும் தீட்டு!

மற்றொரு கூட்டத்தாரும் இருக்கிறார்கள். “ஐயோ பாவம்” என்று சொல்லிக்கொண்டே, பத்து நாள் தைத்ததற்கு ஒருநாள் கூலி கொடுத்து, அதைத் தர்மக் கணக்கில் எழுதிக்கொள்ளும் பெரிய மனிதர்கள். இவர்களைக் கண்டால் நமக்கு வைகிறவனே தேவலை என்று தோன்றுகிறது. வேலை நன்றாயிருந்தால் நல்ல விலை கொடு, இல்லையென்றால் வாங்காதே. நோயைச் சொல்லி விலை குறைப்பது என்ன தர்மம்? அன்றியும் கைவேலை ஒன்றே போதும் என்று நாம் சொல்லவில்லை. சீமைக்காரர் இரக்கத்தை நம்பி நடக்கும் வியாபாரம் அவர் மனசு மாறினால் நின்றுபோகும். 2025 ஜனவரியில் அமெரிக்க சர்க்கார் வெளிநாட்டு உதவிகளை நிறுத்தி வைத்தபோது, எழுபது லட்சத்துக்கு மேற்பட்டோர் இந்நோயோடு வாழும் தென்னாப்பிரிக்காவில் எத்தனை சிகிச்சை நிலையங்கள் தவித்தன!

ஆகவே ஊசியோடு சொத்தும் வேண்டும். புருஷன் செத்தவுடன் பெண்ணை வெளியேற்றும் குடும்பத்தார் அவன் பங்கு நிலத்தை மட்டும் வெளியேற்றுவதில்லையே! இறந்தவன் பங்கில் அவன் பெண்ஜாதிக்கும் குழந்தைகளுக்கும் சட்டப்படி உரிமை உண்டு. எச்.ஐ.வி. உள்ளவரை வேலையிலிருந்தோ, பள்ளிக்கூடத்திலிருந்தோ, வைத்தியத்திலிருந்தோ விலக்கக்கூடாது என்று 2017-ல் சட்டம் செய்து 2018 செப்டம்பர் முதல் அமுலுக்கும் வந்தாயிற்று. சட்டத்தில் இருப்பது கிராமத்துத் திண்ணைக்கு வரவில்லை.

கேள்வி கேட்ட பெரியவர் இந்தப் பத்திரிகையைப் படிப்பாரோ என்னமோ, நமக்குத் தெரியாது. அந்த ஊர்த் தோழர்கள் படித்துக் காட்டினால் நலம். அவர் வீட்டிலும் மருமகள்கள் இருப்பார்கள். அவர் பிள்ளைகளும் வெளியூர் போய் வருகிறவர்களாய் இருப்பார்கள். போய் வருகிறவன் ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தத்தைப் பரிசோதித்துக்கொள்ளட்டும் என்று அவர் தம் பிள்ளைகளிடம் சொல்லுவாரா?