பாட்டுக்கும் பட்டம் உண்டு!

"பாட்டு எழுதணும், மெட்டுப் போடணும்" என்கிறான் மகன். "பாட்டு சோறு போடுமா?" என்று கேட்கிறார் தகப்பனார். யார் சொல்வது சரி?

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துக்குப் பாட்டு புதிது அல்ல. ஆண்டாள் திருப்பாவை பாடியது ஸ்ரீவில்லிபுத்தூரில்தான். 30 பாட்டு. ஆயிரம் ஆண்டுக்கு மேல் ஆகியும் மார்கழிதோறும் ஒலிக்கிறது. சென்னை ராஜ்யத்தின் முதல்-மந்திரியாக (1949-52) இருந்த குமாரசாமி ராஜா, ராஜபாளையத்தில் தம் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தார்.

எங்கே படிப்பது?

இசைக்கும் கவின்கலைக்கும் தனிப் பல்கலைக்கழகம் அமைக்க 2013-ல் தமிழக அரசு சட்டம் செய்தது. மதுரை அரசு இசைக் கல்லூரி அதைச் சேர்ந்தது. சிதம்பரம் அண்ணாமலை பல்கலைக்கழகத்திலும் இசை படிக்கலாம். ஒலிப்பதிவுக்கு, சென்னை தரமணியில் அரசு திரைப்படப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது.

பாட்டு எழுத யாப்பும் வேண்டும், தாளமும் வேண்டும். யாப்பைத் தமிழ் வகுப்பில் கற்கலாம். தாளத்தை இசைப்பள்ளியில் கற்கலாம்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

பட்டம் வாங்கியதும் சினிமா வாய்ப்பு வந்து கதவைத் தட்டாது. அதற்காகப் பிள்ளையைத் தடுக்கவும் வேண்டாம். கடன் வாங்கிச் சென்னைக்கு ரெயில் ஏற்றவும் வேண்டாம். விருதுநகரிலேயே அரசு இசைப்பள்ளி இருக்கிறது. 3 ஆண்டுப் படிப்பு. முதலில் அங்கே சேர்த்துப் பாருங்கள். 3 ஆண்டும் அலுக்காமல் சாதகம் செய்தால், ஆசை உண்மையானது. பிறகு கல்லூரிக்கு அனுப்பலாம்.

மகள் கேட்டாலும் இதே பதில்தான். திருப்பாவை பாடியவர் ஒரு பெண்தானே!