மலை ரயிலில் மழலையோடு

என்ன சகோதரிகளே, அரைப் பரீட்சை லீவுக்கு ஊட்டிக்குக் கிளம்பியாச்சா? "பனிக் காலத்திலா? பிள்ளைக்குச் சளி பிடிச்சுக்குமே!" என்று வீட்டுப் பெரியவர்கள் தடுப்பார்கள். கவனமாக இருந்தால் பயம் வேண்டாம்.

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு 46 கிலோமீட்டர். 1899-ல் குன்னூர் வரையும், 1908-ல் ஊட்டி வரையும் போடப்பட்ட பாதை இது. கல்லாறு தாண்டியதும் எஞ்சினின் பல்சக்கரம், தண்டவாளங்களுக்கு நடுவிலுள்ள பற்களைக் கவ்விப் பிடித்துக்கொள்ள, ரயில் நிதானமாக ஏறும். இந்த நிதானம் தாய்மாருக்கு ரொம்ப வசதி. மழையில் மண் சரிந்தால் ரயில் ஓடாது, முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

அடிவாரத்திலேயே ஸ்வெட்டரை மாட்டிவிடாதீர்கள். குழந்தைக்கு வியர்க்கும், ஈர உடுப்போடு மேலே போனால் உடம்பு சில்லிட்டுவிடும். பருத்திச் சட்டையோடு ஏற்றி, குளிர் கூடக் கூட ஒவ்வொன்றாகப் போடுங்கள். குன்னூர் வந்ததும் கம்பளிக் குல்லாயும் காலுறையும். கேத்தி பள்ளத்தாக்கில் படுகர் கிராமங்களையும் காரட், கோஸ் தோட்டங்களையும் காட்டுங்கள்; சிணுங்குகிற பிள்ளையும் அழுகையை மறந்துவிடும். 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டா சிகரத்துக்கு ஊட்டியிலிருந்து சாலை வழிதான். வெயில் ஏறிய பிறகு போங்கள்.

ஒன்றை மட்டும் மறக்கவே கூடாது. இரவில் அறையைச் சாத்திக்கொண்டு கரியடுப்பு மூட்டிக் குளிர் காயாதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூக்கத்திலேயே உயிரைக் குடித்துவிடும். கூட இரண்டு கம்பளி கேட்டு வாங்குங்கள். கைக்குழந்தையின் முகத்தை மட்டும் போர்வை மூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். போய் வாருங்கள்!