நாற்பது மூட்டை சாமை

போன மாதம் ஒரு தம்பி ஜமுனாமரத்தூரில் என் வீட்டுக்கு வந்தான். பக்கத்து மலைக்கிராமத்துப் பையன், பி.காம். முடித்தவன். உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் ஒன்றில் மூன்று வருடமாகக் கணக்கும் கொள்முதலும் பார்க்கிறான். ஐதராபாத் இந்தியன் ஸ்கூல் ஆஃப் பிசினஸுக்கு விண்ணப்பம் போடப் போகிறானாம். "ஐயா, நீங்க ஆபீஸ்ல எவ்வளவோ எழுதினவங்க. இந்தக் கட்டுரையைக் கொஞ்சம் பார்த்துக் கொடுங்க" என்றான்.

விண்ணப்பத்துக்கு எதற்குக் கட்டுரை என்று நம் வயதுக்காரர்கள் கேட்பீர்கள். நம் காலத்தில் மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், ஒரு பாஸ்போர்ட் சைஸ் படம், அவ்வளவுதான். இப்போது அப்படியில்லை. 2001-இல் தொடங்கிய அந்த ஐதராபாத் பள்ளியும், பிரான்சில் 1957-இல் தொடங்கிய இன்சியாதும் தேர்வு மதிப்பெண்ணோடு நிறுத்திக்கொள்வதில்லை. நீ யார், என்ன செய்தாய், எதில் சறுக்கினாய், எதற்கு இந்தப் படிப்பு என்று சில நூறு சொற்களில் எழுதச் சொல்கிறார்கள். திறமையான மதிப்பெண்காரர்கள் ஆயிரக்கணக்கில் வரும்போது, ஆளைத் தெரிந்துகொள்ள அவர்களுக்கு இது ஒரு வழி.

தம்பி கொண்டுவந்தது பணம் கொடுத்து எழுதி வாங்கிய கட்டுரை. நகரத்தில் ஒரு பயிற்சி மையம். 'சிறு வயது முதலே தலைமைப் பண்பு என் இரத்தத்தில் ஊறியது' என்கிற தோரணையில் ஆரம்பித்து, உலகத்தை மாற்றப் போவதாக முடிந்தது. நடுவில் வறுமை, மண் ரோடு, அம்மாவின் கண்ணீர். சாமை என்ற சொல்லே இல்லை. படித்துவிட்டுக் கேட்டேன்: "இதுல நீ எங்கப்பா இருக்க?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, பிறகு சொன்னான். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், ஐப்பசி மழையில் அறுத்த சாமையைச் சரியாகக் காயாமலே கொள்முதல் செய்துவிட்டான். பல்லில் கடித்துப் பார்த்து, காய்ந்துவிட்டது என்று நினைத்திருக்கிறான். நாற்பது மூட்டை பூஞ்சணம் பிடித்துப் போயிற்று. மறைக்காமல் வீடு வீடாகப் போய்ச் சொன்னானாம். ஒரு பாட்டி அடிக்காத குறை. அடுத்த வருடம் நிர்வாகக் குழுவிடம் சண்டை போட்டு ஈரப்பதம் பார்க்கும் கருவி வாங்க வைத்தான். 12 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருந்தால் சொந்த மாமா மூட்டையாக இருந்தாலும் திருப்பி அனுப்பினான். மாமா இன்னும் பேசுவதில்லை.

"இதை எழுதுடா" என்றேன். "தோத்ததை எழுதினா எடுப்பாங்களா ஐயா?" என்றான்.

எடுப்பார்களா என்று எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் நேர்முகத்தில் அந்தக் கட்டுரையை வைத்துத்தான் துருவுவார்கள். இரத்தத்தில் ஊறிய தலைமைப் பண்பைப் பற்றி இரண்டாவது கேள்வி கேட்டால் இவன் என்ன சொல்வான்? சாமையைப் பற்றி இருபது கேள்வி கேட்கட்டும், அசர மாட்டான். இப்போது செல்போனிடம் கேட்டாலும் அழகாக எழுதித் தருகிறது. அதற்கும் அந்த மாமாவைத் தெரியாது.

வறுமையை எழுதவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ரோடு மோசம், அதனால் லாரி வர மூன்று நாள் ஆனது, மூட்டை அதுவரை திண்ணையில் கிடந்தது என்றால் அது தகவல். பரிதாபத்துக்காக எழுதினால், அம்மாவைக் கடைத்தெருவில் நிறுத்துகிற மாதிரி.

இதில் நானும் ஒரு தப்புச் செய்தேன். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். அங்கே கட்டுரை என்றால் ஒரு வாதம், எதிர்வாதம், பிறகு இணக்கம். 'நான்' என்று எழுதினால் வாத்தியார் சிவப்பு மையில் அடிப்பார். ஆபீசுக்கு வந்தால் அங்கேயும் அதே கதை: 'இவ்வலுவலகம்', 'ஆணையிடப்படுகிறது'. கோப்பில் யாரும் எதையும் செய்வதில்லை, எல்லாம் தானாகச் செய்யப்படும்! அந்தப் பழக்கத்தில் தம்பியின் முதல் வரைவில் இருந்த 'நான்'களை எல்லாம் அடித்து 'நாங்கள்' ஆக்கிவிட்டேன். படித்துப் பார்த்தால் ஈர மூட்டையை வாங்கியது யார் என்றே தெரியவில்லை. இவ்வளவுக்கும் 'எஸ்ஸே' என்ற சொல்லையே ஓர் எழுத்து வகைக்குப் பெயராகக் கொடுத்த மோந்தேன் ஒரு பிரெஞ்சுக்காரர். 1580-இல் வெளியிட்ட புத்தகத்தில் தன்னையே பொருளாக வைத்து எழுதியவர். அவரைப் பள்ளியில் படிக்க வைத்தார்கள். அவரைப் போல எழுத மட்டும் விடவில்லை.

அடித்ததையெல்லாம் திரும்பப் போட்டோம். முதலில் தமிழில் எழுதச் சொன்னேன், அவன் அம்மாவிடம் சொல்வது போல. அதைப் பிறகு அவனே ஆங்கிலத்தில் எழுதினான். என் வேலை கேள்வி கேட்பதோடு சரி: எத்தனை மூட்டை, யார் என்ன சொன்னார்கள், பணத்தை யார் ஈடு செய்தார்கள். ஒரு வாக்கியம்கூட நான் எழுதிக் கொடுக்கவில்லை. கை பரபரத்தது என்னவோ உண்மை. பேரன் பேத்திகளுக்கு உதவுகிறவர்கள் இந்த இடத்தில்தான் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்பது என் கட்சி.

ஆங்கில எழுத்துப் பிழைக்கு நான் ஆளில்லை என்று பள்ளி ஆசிரியர் ஒருவரிடம் அனுப்பி வைத்தேன். கடைசி வரைவில் எனக்கு நன்றி சொல்லி ஒரு வரி சேர்த்திருந்தான். அதை அடித்துவிட்டு, அந்த இடத்தில் ஈரக் கருவியின் விலையை எழுதச் சொன்னேன். நேற்று ராத்திரி அனுப்பிவிட்டதாகப் போன் செய்தான்.