பழியைச் சிப் மேல் போடாதீர்கள்

“அந்தக் காலத்துக் கேமரா இரும்பு சார், பேரன் காலத்துக்கும் ஓடும். இப்ப வர்றதெல்லாம் எலெக்ட்ரானிக்ஸ், பத்து வருஷம் தாண்டாது.” கேமராக் கடைகளில் வேதவாக்காகவே ஆகிவிட்ட பேச்சு இது. சுத்தப் பிதற்றல்.

1976இல் வந்த கேனான் ஏஇ-1, நுண்செயலி பொருத்திய முதல் எஸ்எல்ஆர் கேமரா. பேட்டரி இல்லாவிட்டால் ஷட்டரே விழாது. இன்றும் பலர் அதில் படம் எடுக்கிறார்கள். அதன் பேர்போன கோளாறு என்ன தெரியுமா? ஷட்டரை அழுத்தினால் ‘கீச்’ என்று கேட்கும். சர்க்யூட் போகவில்லை, உள்ளே கண்ணாடியைத் தூக்கும் பற்சக்கரங்களில் எண்ணெய் வற்றிவிட்டது. விவரம் தெரிந்தவர் ஊசியால் ஒரு சொட்டு விட்டால் சத்தம் அடங்கிவிடும். முழு மெக்கானிக்கல் கேமராவிலும் எண்ணெய் இறுகும். ஒரு விநாடி ஷட்டர் இழுத்துக்கொண்டே நிற்கும்.

டிஜிட்டலிலும் இதே கதைதான். 2012இல் வந்த நிக்கான் டி600இல் சென்சார் மேல் அழுக்கு புள்ளி புள்ளியாகப் படிந்தது. 2014இல் நிறுவனம் இலவசமாக மாற்றிக் கொடுத்தது சென்சாரை அல்ல, ஷட்டரை. தேய்வதும் உதிர்வதும் அசைகிற உறுப்புகள்தான்.

எலெக்ட்ரானிக்ஸ் சாகவே சாகாதா? சாகும். சோனி தயாரித்த சிசிடி சென்சார்கள் 2005 வாக்கில் பல நிறுவனங்களின் கேமராக்களில் வரிசையாகப் படுத்தன. படம் கறுத்தது, சிதைந்தது. வெப்பமும் ஈரமும் சேர்ந்து உள்ளிருந்த இணைப்புக் கம்பிகளை விடுவித்துவிட்டன. அது தயாரிப்புக் குறை. ஒப்புக்கொண்டு இலவசமாகச் சரிசெய்தார்கள்.

இன்று நல்ல கேமராவைக் குப்பைக்கு அனுப்புவது வேறொன்று. மாடலை நிறுத்திய சில ஆண்டுகளில் உதிரி பாகமும் நின்றுவிடுகிறது. ஒரு ரிப்பன் கேபிள் அறுந்ததற்கு, “போர்டு போயிடுச்சு, பார்ட்ஸ் வராது, புதுசு வாங்கிடுங்க” என்கிறார்கள். நாமும் ‘எலெக்ட்ரானிக்ஸ்னா அப்படித்தான்’ என்று தலையாட்டிவிட்டு வருகிறோம். இதைவிட வசதியான சாக்கு நிறுவனங்களுக்கு வேறு வேண்டுமா? உதிரி பாகம் விற்பதை நிறுத்தியது அவர்கள் எடுத்த முடிவு. அதை இயற்கையின் விதி என்று நம்புவது நம் முட்டாள்தனம்.

அடுத்த கேமரா வாங்கும்போது மெகாபிக்சலைக் கேட்பதற்கு முன் இதைக் கேளுங்கள்: மாடல் நின்றபின் எத்தனை வருஷம் பார்ட்ஸ் தருவீர்கள்? பதிலை எழுத்தில் வாங்குங்கள்.