கத்னாவுக்கு முன் கேட்க வேண்டிய கேள்வி



கோடை விடுமுறை நெருங்கினால் நம் வீடுகளில் கத்னாவுக்கு நாள் குறிக்கிறோம். ஜமாஅத்துகள் இலவச முகாம்களும் நடத்துகின்றன. பிள்ளையின் இரத்தம் முறையாக உறையுமா என்று மட்டும் பெரும்பாலும் கேட்பதில்லை. அதைக் கேட்டே ஆகவேண்டும் என்பது நம் கருத்து.

இரத்தத்தை உறையவைக்கும் புரதங்களுள் 8ஆம் காரணி குறைந்தால் ஹீமோஃபிலியா ஏ; 9ஆம் காரணி குறைந்தால் ஹீமோஃபிலியா பி. ஏறத்தாழ 5,000 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு ஏ வகை உண்டு. சிறு காயத்திலும் ஆண்கள் இரத்தம் வடிந்து இறந்த ஒரு கிராமத்தைப் பற்றி, குர்துபாவின் மருத்துவர் அஸ்ஸஹ்ராவி ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்துள்ளார்.

பல இடங்களில் விரல் நுனியைக் குத்திப் பார்க்கும் பி.டி., சி.டி. சோதனையோடு நிறுத்திவிடுகின்றனர். குறைபாடு இருந்தும் அது சரியெனக் காட்டக்கூடும். ஏ.பி.டி.டி. அதைவிட நம்பத்தக்கது, எனினும் லேசான குறைபாடு அதிலும் தப்பலாம். ஐயம் தீர்ப்பது காரணி அளவீடே.

அதன் ஒரு முறையில், 8ஆம் காரணி மட்டும் இல்லாத பிளாஸ்மாவோடு பிள்ளையின் பிளாஸ்மாவைக் கலந்து, உறைய எத்தனை வினாடி ஆகிறது என்று பார்க்கின்றனர். மற்றக் காரணிகள் அதில் நிறைந்திருப்பதால், தாமதம் பிள்ளையின் 8ஆம் காரணியின் குறையையே காட்டும். மற்றொரு முறையில் உறைவுக்குப் பதிலாக நிறம் அளக்கப்படுகிறது. நிறம் அடர்ந்தால் காரணி மிகுதி. சில குடும்பங்களில் இவ்விரண்டும் வெவ்வேறு விடை தருவதுண்டு. எனவே இரத்தப்போக்கின் வரலாறு இருந்தால், ஒரு முடிவு சரியென வந்ததும் ஓய்ந்துவிடலாகாது.

இயல்பான அளவு ஏறத்தாழ 50 முதல் 150 விழுக்காடு. 1க்குக் கீழ் கடுமை. 1 முதல் 5 நடுத்தரம். 5 முதல் 40 லேசானது. லேசான குறையுள்ள பிள்ளை ஓடியாடி விளையாடும்; கத்தி பட்ட பின்னரே உண்மை வெளிப்படும்.

"நம் முன்னோர் இதெல்லாம் பார்த்தார்களா?" எனச் சிலர் வினவுவர். அவர்களிடம் இந்த வழி இல்லை, நம்மிடம் இருக்கிறது. உயிரைக் காப்பது ஷரீஅத்தின் அடிப்படை நோக்கங்களுள் ஒன்று. கத்னாவை வாஜிப் என்னும் ஷாஃபிஈ மத்ஹபிலும், சுன்னத் என்னும் ஹனஃபி மத்ஹபிலும், பிள்ளைக்கு ஆபத்து அஞ்சப்பட்டால் தள்ளிவைக்க இடமுண்டு. குறைபாடு தெரிந்துவிட்டால், இரத்தவியல் மருத்துவரின் மேற்பார்வையில் காரணி மருந்து ஏற்றிக் கத்னா செய்யவும் வழி உண்டு.

ஆகவே முகாம் நடத்துவோர் பெயர்ப் பதிவின்போதே வினவட்டும்: தாய்மாமனுக்கோ, தாய்வழி ஆண்களுக்கோ, அண்ணனுக்கோ இரத்தம் நிற்காமல் போனதுண்டா? தடுப்பூசி போட்ட இடம் வீங்கியதா? பல் விழுந்தபோது நெடுநேரம் வடிந்ததா? ஒன்றுக்கேனும் "ஆம்" என்றால், காரணி அளவீடு முடியும்வரை அப்பிள்ளைக்குக் கத்னா வேண்டாம். ஹீமோஃபிலியா உள்ளோரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குக் குடும்ப வரலாறே இராது. ஆதலால் மற்றப் பிள்ளைகளுக்கும் ஏ.பி.டி.டி. பார்ப்பது நன்று.

விருந்தின் செலவில் சிறு பகுதியை இதற்கு ஒதுக்குவோம். நம் பிள்ளைகள் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம்.