வெட்டுமுன் யோசியுங்கள்!

எங்கள் கொல்லையில் மாமியார் வைத்த கொய்யா மரம், அவர்கள் போன பிறகு கவனிப்பாரில்லாமல் புதராகிவிட்டது. உள்ளே பட்ட கிளை, மேலே வெறும் இலை. "காய்க்காத மரம் எதுக்கு? தூரோட வெட்டிரலாம்" என்றார் என் கணவர். எனக்கு மனசு கேட்கவில்லை.

கொய்யா புதுத் துளிரில்தான் பூ விடும். புரட்டாசியிலோ மாசியிலோ கவாத்து செய்யலாம். மாசியில் நானே ரம்பத்தை எடுத்தேன். பழக்கமில்லாத கைதான்! பட்ட கிளை, உரசும் கிளைகளை அடியோடு அறுத்தேன். மற்றவற்றில் நுனியை மட்டும் 10, 15 செ.மீ. வெட்டி, தொழு உரம் போட்டுத் தண்ணீர் விட்டேன். "மரத்தை மொட்டையடிச்சிட்டியே" என்று சிரித்தார்கள். அந்தப் புரட்டாசியிலேயே பிள்ளைகள் மடி நிறையப் பறித்தார்கள்.

சகோதரிகளே! வைத்தவர் போனாலும் மரம் நம் பொறுப்புதான். தூரில் கோடாரி வைக்குமுன், ஒரு தடவை கவாத்து செய்துதான் பாருங்களேன்!

- ஓர் இல்லத்தரசி, உடன்குடி.