பத்தடி அறைக்கு எட்டு அங்குல ஸ்பீக்கர் எதற்கு?



கொம்பனித்தெருவில் கிட்டார் வாசிக்கும் தம்பிமாருக்கும், அவர்களுக்குக் காசு கொடுக்கும் வாப்பா உம்மாமாருக்கும் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான். பெரிய தொகையைச் செலவழிக்க முன்னர் ஐந்து நிமிடம் ஒதுக்கி வாசியுங்கள்.

"வீட்டில் ரெக்கோர்டிங் செய்வதென்றால் பெரிய ஸ்டூடியோ மொனிட்டர் வேண்டும். எட்டு அங்குலத்துக்குக் குறைந்தது வேலைக்கு ஆகாது." இந்தக் கதை எங்கள் தெருக்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது. யூடியூப்பில் பார்த்தவனும் சொல்கிறான், விற்கிறவனும் சொல்கிறான், வாங்கிவிட்டு வாயைத் திறக்க முடியாமல் இருப்பவனும் சொல்கிறான். உம்மாவின் வளையல் அடகுக்குப் போகிறது, ஸ்பீக்கர் வீட்டுக்கு வருகிறது. இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் பாட்டின் தரம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரரோடு இருந்த சலாம் மட்டும் நின்றுபோயிருக்கிறது.

கிட்டார் கூடுமா கூடாதா என்ற விவாதத்தைத் தயவுசெய்து இங்கே கொண்டுவர வேண்டாம். அதை உலமாக்களிடம் கேளுங்கள். நாங்கள் கதைப்பது காசைப் பற்றியும், காதைப் பற்றியும், அயல் வீட்டாரைப் பற்றியும்.

முதலில் ஸ்டூடியோ மொனிட்டர் என்றால் என்ன? பதிந்ததைச் சரிபார்ப்பதற்காகக் கேட்கும் ஸ்பீக்கர், அவ்வளவுதான். சாதாரண ஸ்பீக்கர் பாட்டை அழகாக்கிக் காட்டும். பேஸைக் கூட்டும், மேல் ஒலியை மினுக்கும். மொனிட்டர் அதைச் செய்யக்கூடாது. எல்லாப் பிள்ளைக்கும் 90 புள்ளி போடுகிற ஆசிரியரைப் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். ஆனால் ஓ.எல். பரீட்சையில் அகப்படுவது பிள்ளைதான். மொனிட்டர் பிழையைப் பிழையென்று சொல்கிற ஆசிரியர். கேட்க இனிமையாக இருக்கிறது என்பதற்காக அதை வாங்கக்கூடாது.

இதற்கு உலகறிந்த சாட்சி யமஹா என்எஸ்-10. 1978இல் வீட்டில் பாட்டுக் கேட்பதற்காக வந்த ஸ்பீக்கர் அது. வீட்டுக்காரர்களிடம் அது எடுபடவில்லை. கேட்க இனிமையில்லை, பேஸும் குறைவு. ஆனால் ஒலிப்பதிவாளர்கள் அதைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஏன்? அதில் நன்றாகக் கேட்கும்படி மிக்ஸிங் செய்தால், வேறு எங்கே போட்டாலும் நன்றாகவே கேட்டது. 2001இல் தயாரிப்பு நிற்கும்வரை உலகத்தின் பெரிய ஸ்டூடியோக்களின் மேசைகளில் அந்த வெள்ளைக் கூம்பு உட்கார்ந்திருந்தது. அதன் கூம்பு ஏழு அங்குலம்தான். பெரிய ஸ்டூடியோவே அதை வைத்து வேலை செய்தது. எங்கள் பத்தடி அறைக்கு எட்டு அங்குலம் எதற்கு?

இனி அறைக்கு வருவோம். உண்மையான சண்டை அங்கேதான்.

ஜாவா லேன், மலே வீதி, ரைபிள் வீதி என்ற பெயர்களுக்குள்ளே எங்கள் ஊரின் சரித்திரம் இருக்கிறது. அந்த வரிசை வீடுகளின் அறைகள் எவ்வளவு என்று எல்லோருக்கும் தெரியும். 2010 மே மாதத்தில் மியூஸ் வீதி வீடுகள் உடைக்கப்பட்ட பின்னர் எத்தனை குடும்பங்கள் இடம் மாறின, எத்தனை பேர் தொடர்மாடிகளுக்குப் போனார்கள் என்பதும் தெரியும். இடம் சுருங்கிக்கொண்டே போகிறது, ஸ்பீக்கர் மட்டும் பெருத்துக்கொண்டே போகிறது. இது என்ன கணக்கு?

கணக்கையே போட்டுப் பார்ப்போம். கொழும்பு வெக்கையில் ஒலி ஒரு செக்கனுக்கு ஏறக்குறைய 349 மீற்றர் போகும். பத்தடி, அதாவது 3.05 மீற்றர் இடைவெளியில் இரண்டு சுவர்கள் எதிரெதிரே நின்றால், சுமார் 57 ஹேர்ட்ஸிலும் அதன் இரட்டிப்பான 114 ஹேர்ட்ஸிலும் அறையே கூடச் சேர்ந்து பாடத் தொடங்கும். கிட்டாரின் தடித்த ஈ கம்பி 82 ஹேர்ட்ஸ். அடுத்த ஏ கம்பி 110. விளங்குகிறதா? ஏ கம்பியைத் தட்டும்போது உங்கள் காதுக்கு வருவது கிட்டார் மட்டுமல்ல, அறையும்தான்.

இதைப் பரீட்சித்துப் பார்க்கக் காசு வேண்டாம். ஏ கம்பியைப் பதிந்து, திரும்பத் திரும்ப ஓடவிட்டு, அறைக்குள் மெதுவாக நடந்து பாருங்கள். நடுவில் நின்றால் ஒலி வீங்கும். சுவரிலிருந்து இரண்டரை அடியில் நின்றால் மெலியும். ஸ்பீக்கர் அதேதான், பாட்டு அதேதான். எந்த இடத்தில் கேட்டதை நம்பி நீங்கள் பேஸைக் கூட்டிக் குறைக்கப் போகிறீர்கள்? எட்டு அங்குல ஸ்பீக்கர் அந்த அறைக்குள் இன்னும் அதிகமான பேஸைக் கொட்டும். வீக்கம் கூடும், உண்மை கூடாது. பத்துக்குப் பத்துச் சதுர அறையென்றால் இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் வீங்கும். அது இன்னும் மோசம்.

"ஐந்து அங்குலத்தில் பேஸ் கேட்காதே" என்று ஒரு தம்பி கட்டாயம் கேட்பார். யமஹா எச்எஸ்5 ஐந்து அங்குலம்தான். அது 54 ஹேர்ட்ஸ் வரை இறங்கும் என்று கம்பனியே சொல்கிறது. அந்த அடிமட்டத்தில் ஒலி மெலிந்துதான் இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் கிட்டாரின் அடிக் கம்பி 82இல் நிற்கிறது. அதற்குக் கீழே பேஸ் கிட்டாரும் ட்ரம்ஸும்தான். அதை ஹெட்போனில் சரிபாருங்கள். ஹெட்போனுக்கு அறை கிடையாது, சுவர் கிடையாது, பக்கத்து வீடும் கிடையாது. அதற்குப் பிறகு போனில் கேளுங்கள், ஓட்டோவில் கேளுங்கள். உங்கள் பாட்டை மக்கள் கேட்கப்போவது அங்கேதான்.

இன்னொரு கூட்டம் கிட்டார் அம்பையே மொனிட்டராகப் பாவிக்கிறது. அதையும் விடுங்கள். கிட்டார் அம்பின் ஸ்பீக்கர் கிட்டாருக்கென்றே நிறம் பூசியது. 5,000 ஹேர்ட்ஸுக்கு மேலே அதில் பெரிதாக ஒன்றும் வராது. குரலையும் ட்ரம்ஸையும் அதில் கேட்டு முடிவெடுக்க முடியாது.

ஆகவே காசை இந்த ஒழுங்கில் செலவழியுங்கள்.

ஒன்று, அறை. முட்டைத் தட்டு ஒட்டுவதை நிறுத்துங்கள். மெல்லிய ஸ்பொஞ்சும் அதே கதைதான். அவை மேல் ஒலியைக் கொஞ்சம் அடக்கும், பேஸை ஒன்றும் செய்யாது. மூலைகளில் தடிப்பான பொருள் வேண்டும். நாலு அங்குல ரொக்வூலைத் துணியால் மூடி நிறுத்தலாம். அதற்கு வசதியில்லையென்றால் பழைய தடித்த தும்பு மெத்தையை மூலையில் நிமிர்த்தி வையுங்கள். உடுப்பு நிறைந்த அலுமாரியும் உதவும்.

இரண்டு, வைக்கும் இடம். இரண்டு ஸ்பீக்கரும் உங்கள் தலையும் சம முக்கோணமாக இருக்கட்டும். மூன்றடிக்கு மூன்றடி போதும். மேலே இருக்கும் சின்ன ஸ்பீக்கர் காது உயரத்துக்கு வர வேண்டும். அறையின் நட்டநடுவில் உட்கார வேண்டாம். முன் சுவரிலிருந்து நாலடிக்குச் சற்றுக் குறைவான இடத்தில் தொடங்கிப் பாருங்கள். சுவரோடு நெருக்கி வைத்தால் பேஸ் கூடும். எச்எஸ்5 போன்றவற்றின் பின்னால் அதைக் குறைக்கும் ஆளி இருக்கிறது. அது அலங்காரத்துக்கு வைத்ததல்ல.

மூன்று, வயர். பெலன்ஸ்ட் வயர் பாவித்தால் இரைச்சல் குறையும். இரைச்சலை நிறுத்துகிறேன் என்று பிளக்கின் எர்த் காலை வெட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் மின்சாரம் 230 வோல்ட். பாட்டை விட உயிர் பெரிது.

இவ்வளவும் முடிந்த பிறகு ஐந்து அங்குலச் சோடி ஒன்று வாங்குங்கள். உங்களுக்கு நன்கு பழக்கமான ஒரு பாட்டைக் கொண்டுபோய்க் கடையில் கேட்டுவிட்டு வாங்குங்கள். கேட்க விடாத கடையில் வாங்காதீர்கள்.

இப்போது அயல் வீட்டார் விஷயம். பேஸ் சுவரைத் தாண்டும். கதவைப் பூட்டினாலும் தாண்டும், ஸ்பொஞ்ச் ஒட்டினாலும் தாண்டும். சுவருக்கு அந்தப் பக்கம் ஓ.எல். படிக்கிற பிள்ளை இருக்கிறது, இரவு வேலை முடித்துப் பகலில் தூங்குகிற வாப்பா இருக்கிறார், நோயாளி இருக்கிறார். அயலவருக்குத் தொல்லை கொடுக்காமலிருப்பது எங்களுக்கு மார்க்கமே கற்றுத்தந்த ஒழுக்கம். தொழில் ரீதியாகப் பார்த்தாலும் சத்தத்தைக் கூட்டினால் எல்லாம் நன்றாக இருப்பது போலத்தான் காதுக்குப் படும். குறைத்துக் கேட்கும்போதுதான் குரல் மூழ்கியிருப்பது தெரியும். 80 டெசிபலை வாரத்துக்கு 40 மணித்தியாலம் வரைதான் காது தாங்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. காது கெட்டால் வாங்கித் தருவதற்குக் கடை கிடையாது.

கடைசியாக ஊர்ப் பெரியவர்களிடம் ஒரு கேள்வி. பத்துப் பிள்ளைகள் பத்து வீட்டில் கடன்பட்டுப் பத்துச் சோடி ஸ்பீக்கர் வாங்குவதை விட, ஓர் அறையை ஒழுங்காகத் தயார்செய்து, ஒரு நல்ல சோடியை வைத்து, முறை போட்டுக் கொடுக்க முடியாதா? பாடசாலை விட்ட பிறகு பூட்டிக் கிடக்கும் அறைகள் எத்தனை? சனசமூக நிலையத்தில் எத்தனை நாள் விளக்கு எரிகிறது? கிரிக்கெட்டுக்கு மைதானம் கேட்டுப் போராடுகிறோம். கலியாண வீட்டில் வாசித்து வீட்டுச் செலவுக்குக் காசு கொண்டுவரும் பிள்ளைக்கு ஓர் அறை கேட்டால் மட்டும் ஏன் முகம் சுளிக்கிறோம்?

"பிள்ளைகளுக்கு ஆசை அதிகம்" என்று சொல்லித் தப்ப வேண்டாம். இடத்தைக் கொடுக்காமல் ஆசையை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை.

தம்பிமாரே, அந்த அறை கிடைக்கும்வரை ஹெட்போனில் வேலை செய்யுங்கள். வளையல் உம்மாவின் கையிலேயே இருக்கட்டும். பெற்றோர்களே, பிள்ளை எட்டு அங்குலம் கேட்டால் ஏச வேண்டாம். ஓர் அளவு நாடாவைக் கையில் கொடுத்து, "முதலில் அறையை அளந்து வா" என்று சொல்லுங்கள்.

மாற்றுக் கருத்து இருந்தால் கணக்கோடு வாருங்கள், கதைப்போம். தேவையானவர்களுக்குப் பகிருங்கள்.

வஸ்ஸலாம்.